இரண்டாவதாக வந்தது ஒரு குற்றமா?

ஐஸ்லாந்து உதைபந்தாட்டம் என்றதும் 2016 யூரோவில் இங்கிலாந்தை 2–1 என்று வீட்டுக்கு அனுப்பிய கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது அதுவல்ல. அந்த நாட்டு ஆண்களின் இரண்டாம் பிரிவு லீக். "சேருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

12 கழகங்கள், ஆளுக்கு 22 போட்டிகள். முன்பெல்லாம் முதல் இரண்டு இடங்களும் நேரே மேல் பிரிவுக்குப் போகும். 2023 இலிருந்து முதலிடத்துக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. 2 முதல் 5 வரை வந்த நால்வரும் மறுபடி மோத வேண்டும். அரையிறுதி இரண்டு ஆட்டம், இறுதி தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரே ஆட்டம். வென்ற ஒருவர் மேலே.

நடந்ததைப் பாருங்கள். 2023 இல் இரண்டாவதாக வந்தது அஃப்டுரெல்டிங். இறுதியில் நான்காவதாக வந்த வெஸ்ட்ரியிடம் 0–1. அடுத்த வருடம் அதே அஃப்டுரெல்டிங் நான்காவது. இறுதியில் இரண்டாவதாக வந்த கெஃப்லாவிக்கை 1–0 என வென்று, சரித்திரத்தில் முதன்முறையாக மேல் பிரிவுக்குப் போனது. 2025 இல் கெஃப்லாவிக் ஐந்தாவது. அரையிறுதியில் இரண்டாவதாக வந்த நியார்ட்விக்கை வெளியேற்றியது, இறுதியில் எச்.கே.யை 4–0. நியார்ட்விக் வேறு யாருமல்ல, ஒரே நகரசபைக்குள் இருக்கும் பக்கத்து ஊர்க்காரன்!

ஆக மூன்று பருவம், மூன்று தடவையும் இரண்டாமிடம் வெறுங்கையோடு.

தவணைப் பரீட்சையில் இரண்டாவதாக வந்த பிள்ளையை ஐந்தாவது பிள்ளையோடு உட்கார வைத்து இன்னொரு வினாத்தாள் கொடுத்தால் பெற்றோர் நம்மைச் சும்மா விடுவார்களா?

கடைசி வாரம் வரை விறுவிறுப்பு இருக்கும் என்பது மறுதரப்பு. அதிலும் நியாயம் உண்டு. 2024 இல் முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் இடையில் வெறும் 4 புள்ளிதான். ஆனால் 2025 இல் நியார்ட்விக் 43, கெஃப்லாவிக் 37. அந்த ஆறு புள்ளிக்கு என்ன விலை? இரண்டாவது அரையிறுதியைத் தங்கள் மைதானத்தில் ஆடலாம், அவ்வளவுதான்.

விறுவிறுப்பு வேண்டுமென்றால் இரண்டாமிடத்தை நேரே இறுதிக்கு அனுப்புங்கள். மற்ற மூவரும் எதிராளி யாரென்று தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும். 22 போட்டிக்கு அந்தளவு மரியாதையாவது வேண்டாமா?

அஃப்டுரெல்டிங் மேலே ஒரே ஒரு பருவம்தான் நின்றது. 2025 முடிவில் திரும்பக் கீழே. இனி மறுபடியும் அதே 22 போட்டி.