ஆறா, லோங்காங்கா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், "நம் கிள்ளான் நகரின் நடுவே என்ன ஓடுகிறது?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பெரிய லோங்காங், டீச்சர்!" என்றது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் அவ்விடை உறுத்தத் தொடங்கியது.

2014ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாயிற்று. மலாக்காவைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் தடையின்றிச் சொல்வர். ஆனால், 1880ஆம் ஆண்டில் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாற்றப்படும் வரை சிலாங்கூரின் தலைநகராய் விளங்கியது தாம் வாழும் ஊர்தான் என்பதை அறியார். ஆற்றருகே 1857இல் ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பலர் கடைத்தெருவுக்குப் போய் வருகின்றனர்.

அம்மாணவன் சொன்ன லோங்காங்கிற்கும் வரலாறு உண்டு. 1901இல், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டவுடனேயே மலேரியா அங்கிருந்தோரை வாட்டி வதைத்தது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தைத் தூர்ப்பதும் கால்வாய் வெட்டி நீரை வடிப்பதுமே வழி என்றார். அவ்வாறே செய்யப்பட்டது, காய்ச்சலும் தணிந்தது. கால்வாயால் பிழைத்த ஊர் இது. இன்று அதில் நெகிழிப் பையை வீசிவிட்டு, வெள்ளம் வந்ததும் பிறரைக் குறை கூறுகிறோம்.

ஒரு தமிழாசிரியை என்ற முறையில் என் மனத்தை அதிகம் தைப்பது 1941ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர்.எச். நாதன் தலைமையிலான இந்தியர் சங்கத்தின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றைக் கேட்டனர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அக்கோரிக்கைகளில் ஒன்று! நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். நான் நிற்கும் வகுப்பறையை அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எவரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1961இல், ஆற்றின் மீது கோத்தா பாலம் திறக்கப்பட்டது. மேல்தளம் அன்று மோட்டார் வாகனங்களுக்கு இருந்தது. கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும். யாரைக் கண்டும் இறங்க வேண்டாத மிதிவண்டிகள்! பாலத்தைக் கட்டியவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகராயிற்று. மகிழ்ச்சிதான். ஆயினும், ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டவை. 1976ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்களே ஒழிய, நம்மால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. வாக்குக் கேட்டு எவரும் வாசலுக்கு வராததால், நம் பகுதிக்குப் பொறுப்பானவர் யாரென்று நாமும் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டத்தில் பள்ளி வாசல் கால்வாய் அடைப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று கேட்டபோது அவையில் பதில் இல்லை. பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் குடியியல் இதுதானா?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் கூறுவர். உண்மைதான். ஆனால், 'நான் ஒரு பேனா' என்று தலைமுறை தலைமுறையாக எழுத வைக்கிறோமே, அதற்குப் பதில் 'நான் கோத்தா பாலம்' என்று எழுதச் சொன்னால் எந்த நேரம் குறையப் போகிறது? முறையீட்டுக் கடிதம் எழுதும் பயிற்சிக்குக் கற்பனை முகவரி எதற்கு? மாநகர் மன்றத்திற்கே எழுதட்டும். உறையில் இட்டு அனுப்பிவிடலாம்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, என் வகுப்பு மாணவர்களுடன் ராஜா அப்துல்லா கிடங்கிலிருந்து பாலம் வரை நடக்கப் போகிறேன். பெற்றோர்களும் வரலாம். தோட்டத்து நினைவுகள் உள்ள தாத்தா பாட்டிமார் வந்தால் மிக்க மகிழ்ச்சி. அவர்களுக்காக மெதுவாகவே நடப்போம். தொப்பியும் தண்ணீரும் மறவாதீர்கள்.