விடைக்காகப் படிப்பதா, பொருளுக்காகப் படிப்பதா?

ஆங்கிலக் கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் பெரும்பாலும் நம் நாட்டு நிலையையே எண்ணுகிறோம். ஆங்கிலம் இங்கே நீதிமன்றத்தில் இருக்கிறது, அலுவலகத்தில் இருக்கிறது, கடைத்தெருப் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. ஆனால் தெருவில் ஆங்கிலம் காதில் விழாத சீன நாட்டின் நடுநிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 5 கோடிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தேர்வுப் பாடமாகும். அவர்கள் ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பொருளுணரக் கற்கும் முறையைப் பற்றி, நூல்களின் வாயிலாக நான் அறிந்தவற்றைக் கொண்டு, என் கருத்தை இங்கே கூற விழைகிறேன். ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் அந்தப் பயிற்சி, நமக்கும் அயலான ஒன்று அன்று.

சீனத்தில் அரசு அயல்மொழிக் கல்வியைத் தொடங்கியது நேற்று இன்றல்ல. 1862-இல் மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்குவதற்காகப் பெய்ஜிங்கில் டோங்வென் குவான் என்னும் பள்ளி நிறுவப்பட்டது. 1949-இல் பொதுவுடைமை அரசு அமைந்த பின், 1950-களில் ரஷ்ய மொழி ஓங்கியது. 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த கலாச்சாரப் புரட்சியில் கல்வியே நிலைகுலைந்தது. 1977-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் உயிர் பெற்ற பிறகு ஆங்கிலம் தலையெடுத்தது. 1986-இல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2001 முதல் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிப்படியாகப் புகுத்தப்பட்டது.

ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று வகுப்புகளே பொதுவாக அங்கே நடுநிலைப் பள்ளி எனப்படுகின்றன. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் ‘ஜோங்காவ்’ என்னும் தேர்வு நடக்கிறது. சீனமொழி, கணிதம், ஆங்கிலம் மூன்றும் அதில் தலைமைப் பாடங்கள். பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் மேனிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை சேர்வதா, தொழிற்பள்ளிக்குச் செல்வதா என்பதை இத்தேர்வின் மதிப்பெண்ணே பெரிதும் முடிவு செய்கிறது. இவ்விரு பிரிவுகளிலும் மாணவர் தொகை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் அரசின் கொள்கையாக இருந்தது. பதினைந்து வயதில் பிரியும் அந்தப் பாதையின் வாயிலில் நிற்கும் காவலர்களுள் ஒருவர் ஆங்கிலப் பத்தி!

அந்த வினாத்தாளில் படித்துணரும் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. சில பத்திகள் தரப்படும். ஒவ்வொன்றின் கீழும் சில வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் தேர்ந்தெடுக்கச் சில விடைகள். இதற்கென்று ஒரு பயிற்சி முறையும் வளர்ந்துவிட்டது. முதலில் பத்தியைப் படிக்காதே, வினாவைப் படி, வினாவிலுள்ள முக்கியச் சொல்லைக் கோடிடு, அச்சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரியோடு ஒத்துப்போகாத விடைகளை அடித்துவிடு, எஞ்சியதைக் குறி. இவ்வாறு தாள் தாளாகப் போட்டுப் பழகுவதற்குச் சீன மாணவர்கள் ‘ஷுவாத்தி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வினாக்களைத் தேய்த்துத் தள்ளுவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பாத்திரம் தேய்ப்பதைப் போல வினா தேய்ப்பது!

இம்முறையால் மதிப்பெண் வருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் வந்ததனாலேயே பொருள் விளங்கிவிட்டது என்று கூற முடியுமா? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். ‘கொம்பிலன் ஒரு மொரலத்தைத் துவிணினான்’ என்று நான் எழுதுகிறேன். மொரலத்தைத் துவிணினவன் யார் என்று கேட்டால், கொம்பிலன் என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். முழு மதிப்பெண் உங்களுக்கே. ஆனால் மொரலம் என்றால் என்ன, துவிணுதல் என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படிச் சொற்களே இல்லை. விடையைக் கண்டுபிடிப்பது வேறு, பொருளைக் கண்டுகொள்வது வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அப்படியானால் சீனப் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியின் பொருள் விளங்காமல் நிற்பது எதனால்? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, சொல். 2000-ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிறர் உதவியின்றி ஒரு கதையைப் படித்துப் பொருளுணர வேண்டுமானால், அதிலுள்ள நூறு சொற்களில் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முந்நூறு சொற்கொண்ட பத்தியில் ஆறு சொற்கள் தெரியாமல் இருந்தால் தாங்கலாம். முப்பது சொற்கள் தெரியாவிட்டால், வரிக்கு வரி ஒரு பள்ளம். சீனப் பாடத்திட்டம் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஏறத்தாழ 1,600 சொற்களை எதிர்பார்க்கிறது. அவற்றையும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வன்று நினைவில் நிற்கலாம். பத்தியில் வேறு சொற்களோடு கலந்து வரும்போது அடையாளம் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. சீன மொழியில் வினைச்சொல் காலங்காட்டும் உருபேற்று மாறுவதில்லை. ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ போன்ற சுட்டுகளும் இல்லை. பேச்சில் ‘அவன்’, ‘அவள்’, ‘அது’ மூன்றுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலிதான், எழுத்தில்தான் வேறுபாடு. இவற்றைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. ‘நேற்று நூலகத்தில் நான் கண்ட மனிதர்’ என்று நாம் சொல்கிறோம். அடைமொழி முழுதும் முன்னே வந்து, மனிதர் இறுதியில் வருகிறார். சீனமும் இவ்வகையில் தமிழைப் போன்றதே. ஆங்கிலத்திலோ மனிதர் முதலில் வந்துவிடுவார். அவரைப் பற்றிய செய்தி பின்னால் நீண்டுகொண்டே போகும். எங்கே அச்செய்தி முடிகிறது, எங்கே முதன்மை வினை தொடங்குகிறது என்று தெரியாமல் பிள்ளை திகைக்கிறது. முக்கியச் சொல்லைத் தேடிப் பிடிக்கும் வித்தை இந்த இடத்தில் கைகொடுக்காது. இத்தகைய வாக்கியங்களை நூற்றுக்கணக்கில் எளிய கதைகளில் கண்டு கண்டு பழகியவனுக்கே அது கைவரும்.

மூன்றாவது, பின்புல அறிவு. 1979-இல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்தியத் திருமணத்தைப் பற்றி ஒன்றும் அமெரிக்கத் திருமணத்தைப் பற்றி ஒன்றுமாக இரண்டு ஆங்கிலக் கடிதங்களை இந்தியர்க்கும் அமெரிக்கர்க்கும் படிக்கக் கொடுத்தார்கள். இரு சாராரும் தத்தம் நாட்டுத் திருமணக் கடிதத்தையே விரைவாகப் படித்தனர். அதிலிருந்தே மிகுதியான செய்திகளை நினைவுகூர்ந்தனர். அயல்நாட்டுத் திருமணத்தைத் தம் வழக்கப்படித் திரித்தும் பொருள் கொண்டனர். ஆகவே படிப்பவன் தாளில் உள்ளதை மட்டும் படிப்பதில்லை. தன் வாழ்க்கையையும் சேர்த்தே படிக்கிறான். ஷாங்காய் நகரத்துப் பிள்ளைக்குப் பழகிய செய்தி, குவெய்ஜோ மலைச் சிற்றூர்ப் பிள்ளைக்குப் புதிராக இருக்கலாம். அப்போது தேர்வு அளப்பது ஆங்கிலத்தையா, பிறந்த ஊரையா?

இம்மூன்று குறைகளுக்கும் மருந்து ஒன்றே என்பது என் துணிபு. எளிய நூல்களை மிகுதியாகப் படிக்கச் செய்வதே அம்மருந்து. இது புதிய கண்டுபிடிப்பன்று. டாக்காவில் ஆசிரியப் பயிற்சித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், வங்கப் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1926-இல் இருமொழியம் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்பிள்ளைகளுக்கு முதலில் வேண்டுவது ஆங்கிலம் படிக்கும் திறனே என்று வாதிட்ட அவர், சொற்களை அளந்து எளிமையாக்கிய வாசிப்பு நூல்களையும் ஆக்கினார். அவர் எழுப்பிய ஒரு கேள்வி இன்றும் கூர்மை குன்றாதது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தைப் பாதியில் ஒப்படைத்தாலும் ஏதோ ஒரு தொகை கைக்கு வருகிறது. அதுபோல, படிப்பைப் பாதியில் விடும் மாணவன் கையில் மிஞ்சுவது என்ன என்பதே அக்கேள்வி. ஜோங்காவ் முடிந்து தொழிற்பள்ளிக்குச் செல்லும் சீனப் பிள்ளையைப் பார்த்தும் நாம் இதையே கேட்க வேண்டும். விடை தேடும் வித்தைக்குத் தேர்வுக்கூடத்துக்கு வெளியே மதிப்பில்லை. படிக்கும் பழக்கமோ, இயந்திரத்தின் கையேட்டைப் புரட்டும்போதும் உதவும்.

சீன அரசு இதனை அறியாததன்று. அதன் 2011-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாடநூலுக்கு வெளியே 1,50,000 சொற்களாவது படித்திருக்க வேண்டும் என்றது. மூன்றாண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால், நாளொன்றுக்கு 140 சொற்கள்கூட ஆகவில்லை, அரைப் பக்கமே. 2022-இல் வந்த புதிய திட்டமும் மொழித்திறனோடு சிந்தனைத் திறனையும் பண்பாட்டு அறிவையும் குறிக்கோளாக வைத்தது. ஏட்டில் குறையில்லை. ஆனால் ஏட்டில் உள்ள அரைப் பக்கத்துக்குப் பிள்ளையின் நாளில் இடம் கிடைக்க வேண்டுமே! தேர்வு கேட்பதைத்தான் வகுப்பு கற்பிக்கும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும் உண்மை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? லட்சக்கணக்கான தாள்களைத் திருத்தும்போது, குறித்த விடைதானே நடுநிலை தவறாதது? இத்தடையில் நியாயம் உண்டு. சீனத்தில் 56 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் ‘பெரிய வகுப்பு’ என்று கணக்கில் கொள்கிறார்கள். திருத்துபவரின் விருப்பு வெறுப்பு நுழையாத தேர்வு ஏழைப் பிள்ளைக்குக் காப்பு என்பதையும் ஒப்புகிறேன். ஆகையால் அந்த வினாக்களை அடியோடு நீக்குக என்று நான் கூறவில்லை. அவை மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். பெய்ஜிங் போன்ற இடங்களில் பத்தியைப் படித்துவிட்டுத் தம் சொற்களில் விடை எழுதும் பகுதியும் தேர்வில் உண்டு. அங்கே இயலுவது பிற இடங்களிலும் இயலும் அன்றோ?

மேலும், 2021-இல் சீன அரசு ‘இரட்டைக் குறைப்பு’ என்னும் கொள்கையைக் கொண்டுவந்தது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு எழுத்து வீட்டுப்பாடம் நாளொன்றுக்கு 90 நிமிடத்தைத் தாண்டலாகாது என்றது. பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்களையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வசதி படைத்தோர் வீட்டிற்குள் ஆசிரியரை அழைத்துக்கொள்வதுண்டு. வசதியற்ற பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே கதி. ஆகவே பள்ளி நேரத்திற்குள்ளேயே வாசிப்புக்கு இடம் வேண்டும் என்னும் என் கருத்து, இப்போது முன்னிலும் வலுப்பெறுகிறது.

நான் வேண்டுவன இரண்டே. ஒன்று, ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் அலமாரி நிறைய எளிய ஆங்கிலக் கதை நூல்கள். நாள்தோறும் கால் மணி நேரம், வினா இல்லாத வாசிப்பு. மற்றொன்று, படித்த பத்தி என்ன சொல்கிறது என்று பிள்ளையைத் தன் தாய்மொழியில் கூறச் செய்வது. ஆங்கில வகுப்பில் சீனம் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பர். பேசலாம் என்பேன். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தாலும் நாலில் ஒரு முறை சரியாகிவிடும். புரியாத ஒன்றைத் தாய்மொழியில் சொல்லிவிட எவராலும் முடியாது. சொல்லத் தொடங்கியதுமே எந்த வரியில் தடுமாற்றம் என்பது ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

தமிழ்வழியில் பயின்று இக்கல்லூரிக்கு வந்திருக்கும் நண்பர்கள் பலர், சீனப் பிள்ளையின் இடர்ப்பாட்டைப் படிக்கும்போது தம் நினைவு வரப்பெற்றிருப்பர். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. நம் கல்லூரி நூலகத்திலும் எளிய ஆங்கிலக் கதை நூல்கள் கிடைக்கும். தேர்வுக்கு என்று எண்ணாமல், ஒன்றை எடுத்து நாளைக்கு அரைப் பக்கம் படியுங்கள். படித்ததைப் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், அந்த அரைப் பக்கம் உங்களுடையது.