பாரிஸும் ஒரு அரியர்!

"அம்மா, நாங்க மூணு பேரும் பாரிஸ் போலாம்னு இருக்கோம்."

"போயிட்டு வா. வரும்போது பூக்கடை பக்கத்துல ரெண்டு எவர்சில்வர் டப்பா பாத்து வாங்கிட்டு வா. மொத்த விலைக்கே தருவான்."

எங்க வீட்ல பாரிஸ்னா அது பாரிமுனைதான் மக்களே! ஈஃபிள் டவர் இருக்கற பாரிஸ்னு அம்மாவுக்குப் புரிய வைக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் வந்த முதல் கேள்வி... "அந்த எம்-த்ரீ பேப்பர் என்னடா ஆச்சு?"

அதுக்குப் பிறகு வர்றேன். முதல்ல டீமைச் சொல்லிடறேன். மேப், ஜெராக்ஸ், நான். ட்ரிபிள்-இ, மூணாவது வருஷம். எக்ஸாமுக்கு முந்தின நாள் மொத்த கிளாஸும் காப்பி எடுக்கறது அவ நோட்ஸைத்தான்கறதால அவ ஜெராக்ஸ். மேப் பேருக்குக் காரணம் அவனோட ஹாஸ்டல் ரூம் சுவர். மத்த பசங்க ஹீரோ, ஹீரோயின், பைக்னு ஒட்டி வெச்சிருக்க, இவன் மட்டும் பாரிஸ் மெட்ரோ மேப்பைக் கலர் பிரின்ட் எடுத்து ஒட்டியிருக்கான். மொத்தம் 16 லைன். தூக்கத்துல எழுப்பி, "கார் து நோர்ல இருந்து லூவ்ர் எப்படிடா போறது?"ன்னு கேட்டா, "நாலாம் லைன்ல ஏறு, ஷாத்லேல இறங்கு, ஒண்ணாம் லைன் மாறு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துப்பான். இத்தனைக்கும் தலைவர் இதுவரைக்கும் போன மிக நீண்ட ரயில் பயணம் ஈரோடு டு சென்னை, ஏற்காடு எக்ஸ்பிரஸ்!

ஃபைனல் செம் முடிஞ்ச கையோட, 2027-ல ஒரே ஒரு வாரம் பாரிஸ். இதுதான் திட்டம். ஐடியா, டைரக்‌ஷன், எக்ஸெல் ஷீட் எல்லாமே மேப்தான்.

டூர் ப்ளான் பண்றதுன்னா டிக்கெட் போடறது, ஹோட்டல் புக் பண்றது, அவ்வளவுதானேன்னு நானும் நினைச்சேன். கிழமையிலேயே ஆரம்பிச்சுது சண்டை. மெட்ரோ, பஸ், ரயில் எல்லாத்துக்கும் நவிகோன்னு வார பாஸ் இருக்கு. ஆனா நீங்க எந்தக் கிழமை வாங்கினாலும் அது திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும்தான் செல்லும். வியாழக்கிழமை போய் இறங்கி அந்த வார பாஸ் வாங்கினா, ஞாயித்துக்கிழமை ராத்திரி அது வெறும் பிளாஸ்டிக்! அதனால திங்கள் காலையில இறங்கறதுன்னு முடிவாச்சு. சரி, இறங்கினதும் ஆர்சே மியூசியம் போலாமா? திங்கள் லீவு. வெர்சாய் அரண்மனை? அதுவும் திங்கள் லீவு. லூவ்ர்? அது செவ்வாய் லீவு. நம்ம ஊர் சலூன் எவ்வளவோ தேவலாம், எல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல மூடறாங்க. பாம்பிடூ சென்டர் ஒரு படி மேலே. ரிப்பேர் வேலைக்காக 2025-ல மூடினதுதான், திறக்கறது 2030-ல.

அப்புறம் விலை. 26 வயசுக்குள்ள இருந்தா லூவ்ர் இலவசம்னு படிச்சதும் விசிலே அடிச்சேன். ஜெராக்ஸ் அடுத்த வரியைப் படிச்சா. ஐரோப்பாவுல வசிக்கறவங்களுக்கு மட்டும்! நம்மள மாதிரி வெளியில இருந்து போறவங்களுக்கு 2026 ஜனவரியில இருந்து 32 யூரோ. அதுவரைக்கும் 22 யூரோதான். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய்னு போட்டா, மோனாலிசாவை ஒரு தடவை பார்க்க 3,200 ரூபாய். அந்தம்மா சிரிக்கறது இதனாலதான்னு இப்ப புரியுது.

இதுக்கும் மேப் வழி கண்டுபிடிச்சான். மாசத்தோட முதல் வெள்ளி சாயங்காலம் லூவ்ர் எல்லாருக்கும் இலவசம், ஜூலை ஆகஸ்ட் தவிர. முன்கூட்டியே நேரத்தை மட்டும் புக் பண்ணிடணும். ஆர்சே, மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம். ரெண்டும் ஒரே வாரத்துல வரணும், அந்த வாரம் திங்கள்ல தொடங்கணும், நம்ம எக்ஸாமும் முடிஞ்சிருக்கணும். காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பய ஒரு வாரத்தைப் பிடிச்சுட்டான். 2027 மே 31 முதல் ஜூன் 6 வரை. அந்த வரியை ஷீட்ல மஞ்சள் கலர் அடிச்சு வெச்சான். கேம்பஸ் இன்டர்வியூல "பிராப்ளம் சால்விங் ஸ்கில் என்ன இருக்கு?"ன்னு கேட்டா இந்த ஷீட்டைக் காட்டலாம்.

எங்க லிஸ்ட்ல நம்பர் ஒன் என்ன தெரியுமா? கல்லறை! சிரிக்காதீங்க. பெர் லஷேஸ்னு பெரிய கல்லறைத் தோட்டம், உள்ளே போக காசு கிடையாது. அங்கேதான் ஃபூரியர் இருக்கார். ஆமா, அவரேதான்! ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்னு எம்-த்ரீயில என்னைக் கவுத்த அதே மனுஷன். அவர் முன்னாடி நின்னு, "உங்களுக்கு நான் என்ன சார் பாவம் பண்ணேன்?"னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.

ஈஃபிள் டவர்லயும் இவங்க விடறதா இல்ல. 1889-ல கட்டினப்பவே முதல் தளத்துக்குக் கீழே நாலு பக்கமும் பக்கத்துக்கு 18 பேர் வீதம் 72 விஞ்ஞானிகள், இன்ஜினீயர்கள் பேரைப் பொறிச்சு வெச்சிருக்கார் ஈஃபிள். லாப்லாஸ், லக்ராஞ்ச், ஃபூரியர், கூலும், ஆம்பியர், பாய்சான், கோஷி... சிலபஸ்ல பாதி அங்கதான் தொங்குது. உலகமே ஜோடியா நின்னு போட்டோ எடுக்கற இடத்துல இன்ஜினீயரிங் பசங்களுக்கு மட்டும் அரியர் ஞாபகம் வர்ற மாதிரி ஏற்பாடு!

"72 பேர்ல ஒரு பொண்ணு கூட இல்ல, கவனிச்சியா?"ன்னு கேட்டா ஜெராக்ஸ். அப்புறம் அவ சொன்ன கதையைக் கேட்டு நிஜமாவே வாயடைச்சுப் போயிட்டேன். சோஃபி ஜெர்மைன்னு ஒரு கணித மேதை. 1794-ல பாரிஸ்ல பாலிடெக்னிக் ஆரம்பிச்சப்போ பொண்ணுங்களுக்கு அங்கே இடம் கிடையாது. அவங்க கிளாஸ் நோட்ஸை எப்படியோ வாங்கிப் படிச்சு, லெப்லாங்க்னு ஒரு ஆம்பளைப் பேர்ல எழுதி லக்ராஞ்சுக்கே அனுப்பினாங்க. அசந்துபோய் அவர் தேடினா, அது ஒரு பொண்ணு! வளையற தகடுகளைப் பத்தின ஆய்வுக்கு 1816-ல அறிவியல் அகாடமியோட பரிசும் வாங்கினாங்க. ஆனா டவர்ல பேர் இல்ல. பெண் விஞ்ஞானிகள் 72 பேரோட பேரையும் சேர்க்கறதா 2025-லதான் திட்டம் அறிவிச்சாங்க. சோஃபி இருக்கறதும் அதே பெர் லஷேஸ்தான். "நீ ஃபூரியர்கிட்ட சண்டை போடு, நான் இவங்களுக்கு ஒரு பூ வெச்சுட்டு வர்றேன்"ன்னா. நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்தே பெரிய ஆளானவங்களாச்சே, எங்க கிளாஸுக்குக் குலதெய்வம்!

டவர்ல ரெண்டாவது தளம் வரைக்கும் படியேறிப் போலாம். 674 படி, லிஃப்ட்டை விட டிக்கெட் கம்மி. பழனி ஏறின கால்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. நோட்ரடாம் தேவாலயமும் இலவசம்தான். 2019 தீ விபத்துக்கு அப்புறம் 2024 டிசம்பர்லதான் திரும்பத் திறந்தாங்க.

ஆக, ஃப்ளைட்டு 55,000. எட்டு பேர் படுக்கற ரூம்ல ஒரு கட்டில், சாப்பாடு, பாஸ், விசா, இன்ஷூரன்ஸ், டிக்கெட்டு எல்லாம் சேர்த்து தலைக்கு 1,25,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனா மேப் ரெண்டு வருஷமா பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்க்கறான். நான்தான் புரோட்டாவுல கரைச்சுட்டேன்.

போன வாரம் ஒரு டிராவல்ஸுக்குப் போய் விசா விஷயம் விசாரிச்சோம். அங்கேதான் ஆரம்பிச்சுது.

ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம். விசா கிடைக்கலைன்னா திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேணும். ரூம் புக் பண்ணியிருந்தா ஒரு நாளைக்கு 65 யூரோ, பண்ணலைன்னா 120 யூரோ கையில இருக்கறதா காட்டணும். இதெல்லாம் ஷீட்ல ஏற்கெனவே இருந்துச்சு. அப்புறம் அந்த அண்ணன் கேட்டார்... "ஸ்டூடன்ட்ஸா? அப்ப செலவை ஏத்துக்கறது யாரு? அப்பாவோட மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஐ.டி. ரிட்டர்ன் கொண்டு வாங்க."

எங்கப்பா மாச சம்பளக்காரர். ஜெராக்ஸோட அம்மா டீச்சர். மேப்போட அப்பா பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டறவர். வாரக்கூலி, கையில காசு. ரிட்டர்ன்னா என்னன்னே அவருக்குத் தெரியாது.

"என் அக்கவுன்ட்ல பணம் இருக்குண்ணா, நானே சம்பாதிச்சது"ன்னான் மேப்.

"அது பத்தாது தம்பி. குடும்பத்துல நிலையான வருமானம் இருக்கான்னு பார்ப்பாங்க. ஒண்ணு பண்ணலாம். ரெண்டு லட்சம் நானே ஏற்பாடு பண்றேன், அப்பா அக்கவுன்ட்ல போட்டு வைங்க. விசா வந்ததும் திருப்பிடலாம், வட்டி மட்டும் கொடுத்தா போதும்."

உண்மையைச் சொல்றேன், "பரவால்லையே!"ன்னுதான் எனக்குத் தோணிச்சு. மேப் எழுந்துட்டான். "எங்கப்பா அக்கவுன்ட்ல திடீர்னு ரெண்டு லட்சம் வந்தா அதைப் பார்த்து யாருண்ணா நம்புவாங்க? நானே நம்ப மாட்டேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். திரும்பி வர்றப்ப பஸ்ல ஒரு வார்த்தை பேசல.

இன்னொரு உண்மையும் இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஜெராக்ஸுக்கு மெசேஜ் அனுப்பினேன். 'நாம ரெண்டு பேராவது போலாமா? வீட்ல பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கே.' 'ஷாத்லேல எந்த லைன் மாறணும்னு சொல்லு பாப்போம்'னு பதில் வந்துச்சு. எனக்குத் தெரியல. மூடிக்கிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில ஷீட்டைத் திறந்தா மஞ்சள் வரி மாறியிருக்கு. 2029 மே 28 முதல் ஜூன் 3 வரை. முதல் வெள்ளியும் முதல் ஞாயிறும் அந்த வாரத்துலயும் வருதாம். 2027-ல வேலைக்குச் சேர்ந்தா, அதுக்குள்ள மூணு பேர்கிட்டயும் சொந்த சம்பள ஸ்லிப் இருக்கும், சொந்த ரிட்டர்ன் இருக்கும். கீழே ஒரு குறிப்பு வேற: 'லூவ்ர் விலை ஏறலாம். எம்-த்ரீயை அதுக்குள்ள முடிக்கவும்.' எனக்குத்தான்!

நேத்து சாயங்காலம் மேப்போட அப்பா எனக்கு போன் பண்ணார். பின்னாடி தறி சத்தம் தடதடன்னு கேக்குது.

"ஏனுங் தம்பி, இந்தப் பாஸ்போர்ட்டுங்கறதை இப்பவே எடுத்து வெச்சா கெட்டுப் போயிருமுங்களா?"

"இல்லீங்கப்பா, பத்து வருஷம் செல்லும்."

"எவ்வளவு ஆகுமுங்?"

"1,500 ரூபாய்ங்கப்பா."

"அவங்கிட்ட சொல்லிப்போடாதீங்க தம்பி. சனிக்கிழமை கூலி வாங்குனதீமு உங்களுக்கு அனுப்பி உடறேன், நீங்களே கூட்டிட்டுப் போய் எழுதிப் போட்டுருங்க."