நடுவீட்டுக் கணக்கு

தோழரே,

"மக்கள் வருமானம் உயர்ந்துவிட்டது!" என்று ஆட்சிப் பீடத்தினர் முழங்குவர். "இல்லை, சரிந்துவிட்டது!" என்று எதிரணியினர் பதிலுக்கு முழங்குவர். இருவர் கையிலும் புள்ளிவிவரம்! கை தட்டுமுன், அந்த எண் எப்படிப் பிறந்தது என்று என்றேனும் கேட்டோமா?

செல்வம் கொழிக்கும் நாடெனப் புகழப்படும் அமெரிக்காவிலேயே ஒரு மூலையைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மக்டவல் கவுண்டி, நிலக்கரி விளைந்த மலைநாடு. 1950-இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 99,000 பேர். 2020-இல் எஞ்சியோர் ஏறத்தாழ 19,000 பேர்! 1960-இல் கென்னடி வாக்குக் கேட்டு வந்து அங்குள்ள வறுமையை நேரில் கண்டார். 1961 மே மாதம் தொடங்கிய உணவுச் சீட்டுச் சோதனைத் திட்டத்தில், முதற் சீட்டைப் பெற்றது இக்கவுண்டியில் 15 பேர் கொண்ட ஒரு குடும்பமே.

இத்தகைய ஊரின் வருமானத்தை எவ்வாறு அளப்பது? சராசரி உதவாது. எட்டு வீடுகளுக்கு ஆண்டு வருமானம் 20,000 டாலர். ஒன்பதாவது வீட்டுச் சுரங்க முதலாளிக்கு 20 லட்சம். சராசரி 2,40,000 டாலர்! எட்டு ஏழைகளும் ஏட்டில் சீமான்களாகிவிடுவர். ஆகவே வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கும் வீட்டைக் காண்கின்றனர். அதுவே இடைநிலை வருமானம். அங்கே முதலாளியின் மாயம் செல்லாது; நடுவீட்டின் கணக்கு 20,000 தான்.

ஆயினும் நடுவீடும் ஏமாற்றும், தோழரே! ஒன்பது வீடுகள், 10,000 தொடங்கி இரண்டிரண்டாயிரமாக ஏறி 26,000 வரை வருமானம். நடுவீட்டுக்கு 18,000. பிழைப்புத் தேடி அடித்தட்டு நான்கு வீட்டார் ஊரைவிட்டுப் போகட்டும். நடு 22,000 ஆகிறது. எவர் கூலியும் ஒரு காசு உயரவில்லை. ஆனால் ஊர் "முன்னேறிவிட்டது"! மாறாக, மேல்தட்டு நால்வர் போனால் நடு 14,000. எவர் கூலியும் குறையவில்லை, ஊர் "வீழ்ந்துவிட்டது"! ஐந்தில் நால்வர் குறைந்துபோன மண்ணில், ஐம்பதாண்டுக்கு முந்தைய நடுவீடும் இன்றைய நடுவீடும் ஒரே மக்களின் கதையைக் கூறுமோ?

கணக்கெடுத்த முறையும் மாறியது. 1940-இல்தான் அந்நாட்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பு முதன்முதலாக வருமானத்தைக் கேட்டது. அப்போதும் கூலி, சம்பளத்தை மட்டுமே தொகையாகக் கேட்டது. 2000 வரை பத்தாண்டுக்கொருமுறை நீண்ட படிவம். பின்னர் அது ஒழிந்து, ஆண்டுதோறும் ஒரு பகுதி வீடுகளைக் கேட்கும் சமுதாய ஆய்வு வந்தது. 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிகளில் கேட்கப்படும் வீடுகள் சில. எனவே ஐந்தாண்டு விடைகளைச் சேர்த்தே எண் தருகின்றனர். 2014–2018 எண்ணையும் 2015–2019 எண்ணையும் ஒப்பிட்டு ஆர்ப்பரிப்போர், நான்காண்டுகள் இரண்டுக்கும் பொது என்பதை மறைக்கின்றனர்! ஒரே ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டாலும், அந்த இடி ஐந்தாண்டுச் சராசரியில் மெல்லிய முனகலாகிவிடும். ஆண்டுக்கொரு மதிப்பீடும் உண்டு. வரிக் கணக்கு, உணவுச் சீட்டுப் பெறுவோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஆய்வோடு இணைத்துக் கணிப்பது அது. அவ்வழி பிறக்கும் வறுமைக் கணிப்பை வைத்தே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குக் கூட்டரசின் நிதி பங்கிடப்படுகிறது. எண் பிழைத்தால், பிள்ளையின் பங்கு பிழைக்கும்!

நாணயத்தின் மதிப்பையும் மறவாதீர். 2000-இல் 100 டாலருக்கு வாங்கியதை 2024-இல் வாங்க ஏறத்தாழ 182 டாலர் வேண்டும். விலைவாசியைக் கழிக்காத உயர்வு, உயர்வே அன்று. உணவுச் சீட்டின் மதிப்போ இந்த வருமானத்தில் சேராது. 15 பேர் உண்ணும் வீடும் ஒன்று. தனியாள் வீடும் ஒன்று!

குறைகள் இத்தனை இருப்பதால் கணக்கையே கொளுத்திவிடலாமா? அப்படியும் கிளம்பினர் சிலர். 2012 மே மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, அந்தச் சமுதாய ஆய்வுக்கான பணத்தை நிறுத்த 232-க்கு 190 என வாக்களித்தது. நல்வேளை, அது சட்டமாகவில்லை. ஆய்வை நிறுத்தினால் செல்வர் ஊருக்கு என்ன நட்டம்? அவர்தம் செழிப்பை மாளிகைகளே பறைசாற்றும். மலைக்குப் பின்னே வாடுவோனின் வறுமைக்கு அந்த எண்ணன்றி வேறு நாவில்லை. பிழை மலிந்த கணக்குக்கு மருந்து, இன்னும் அதிக வீடுகளைத் தட்டிக் கேட்பதே, கதவைச் சாத்துவதன்று.

ஆகவே தோழரே, எந்த மேடையில் எவர் எண் வீசினும், நம்மவரே வீசினும், எழுந்து கேளுங்கள்: சராசரியா, நடுவீடா? எந்த ஆண்டு நாணயம்? எத்தனை வீடுகளைக் கேட்டீர்? ஊரைவிட்டுப் போனவர் எங்கே? விடை கூறுவோர்க்குக் கை தட்டுங்கள். விழிப்போரை வீட்டுக்கு அனுப்புங்கள்!