மலிவு நேரமும் நம் நேரமும்

தி.நகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் இரண்டு பையன்கள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பேரால் தி.நகர் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு முன்னோட்டமாக மாட்டியதில் எங்கள் வீட்டுடையதும் ஒன்று. இனிமேல் ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டாம், மீட்டரே ஆபீசுக்குக் கணக்கு அனுப்பிவிடும், எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யார் போனில்? வீட்டுக்காரர் போனில். பின்கட்டில் நாங்கள் மூன்று குடித்தனம். எங்களுக்கு இருப்பது சப்-மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம்.

என் அம்மா மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் மூன்று ஃபிளாட்டுகளில் வீட்டுவேலை செய்கிறவர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மத்தியானம் மூன்று மணிக்கு வருவார். மறுபடி நாலரைக்கு ஒரு வீடு. இரவு ஏழரைக்குத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு, மிக்சி, கிரைண்டர் எல்லாம். 2023 ஜூனில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன்: வெயில் நேரத்தில் கரண்ட் விலை குறையும், சாயங்காலம் கூடும், ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இந்தக் கணக்குப் போட முடியும் என்று.

அம்மா கேட்டார்: "ஏன்டா, வெயில்ல கரண்டு சீப்புன்றான். வெயில்ல நான் எவன் வூட்ல கீறேன்?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல இருப்பது அம்மாவின் இந்தக் கேள்வியைத்தான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

விதி என்ன சொல்கிறது? ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைச் சூரிய ஒளி நேரம் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரையறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கம்மியாக இருக்க வேண்டும். உச்சநேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்குக் குறைந்தது 20 சதவீதமும் மற்றவர்களுக்குக் குறைந்தது 10 சதவீதமும் கூடுதலாக வசூலிக்க வேண்டும். பத்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1, விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 என்று கெடு. ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய உடனே நேரக் கணக்கு தொடங்கிவிட வேண்டும்.

விதி எழுதுவது டெல்லி என்றாலும் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில ஆணையம். தமிழ்நாட்டில் பெரிய ஆலைகளுக்கு உச்சநேரக் கட்டணம் பல வருடங்களாகவே உண்டு. கேரளத்தில் 2024 டிசம்பர் ஆணையின் மூலம் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளையே இதற்குள் கொண்டுவந்தார்கள். பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். ஆகவே இது எங்கோ தூரத்தில் இருக்கிற சங்கதி இல்லை தோழர்களே, பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது.

இதற்குப் பின்னால் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பகலில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது, பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோகிறது. அந்த நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, சமையல். அப்போது வெளிச்சந்தையில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது. தேவையைப் பகலுக்குத் தள்ளினால் எல்லோருக்கும் செலவு குறையும் என்பது பொறியாளர்களின் வாதம். வாதம் சரிதான். ஆனால் தள்ள முடிந்தவர் யார், தள்ள முடியாதவர் யார் என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. நேரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 செப்டம்பர் ஆணையில் இருந்த கட்டணத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடுகிற ஒரு வீடு. இலவச 100 யூனிட் போக 200. அதில் அடுத்த நூறுக்கு ரூ.2.25, அதற்கடுத்த நூறுக்கு ரூ.4.50, ஆக சராசரி சுமார் ரூ.3.40. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் சாயங்காலம் 100 யூனிட், பகலில் 30 யூனிட், மீதி இரவு ஃபேனுக்கு என்று வையுங்கள். பகல் தள்ளுபடியில் மிச்சம் சுமார் 20 ரூபாய், உச்சநேரத்தில் கூடுதல் 34 ரூபாய். 14 ரூபாய் நட்டம். இப்போது 900 யூனிட் ஓடுகிற ஒரு அடையாறு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். இலவசம் போக 800 யூனிட்டுக்குச் சராசரி சுமார் 7 ரூபாய். பகலில் ஏ.சி., வாஷிங் மெஷின், மோட்டார் என்று 400 யூனிட், சாயங்காலம் 200 யூனிட். கூடுதல் 140 ரூபாய், தள்ளுபடி 560 ரூபாய். 420 ரூபாய் லாபம்.

14 ரூபாய்க்கா இவ்வளவு கூச்சல் என்று ஒரு நண்பர் கேட்டார். 14 ரூபாய் பெரிசில்லை. குறைவாகச் செலவழிக்கிறவன் நட்டப்படுகிறான், நிறையச் செலவழிக்கிறவன் சலுகை பெறுகிறான் என்பதுதான் பெரிசு. இதுவரை நமக்கிருந்த படிக்கட்டுக் கட்டணத்தில், நிறையச் செலவழித்தால் யூனிட் விலை ஏறும் என்ற ஒரு குறைந்தபட்ச நியாயம் இருந்தது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும். அந்த நியாயத்தை நேரக் கணக்கு பின்வாசல் வழியாகத் தளர்த்துகிறது.

உச்சநேரம் என்ற ஒன்றை உண்டாக்கியது யார்? 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உயரத்தைத் தொட்டது. கத்திரி வெயிலின் வாசலில் வந்த இந்த உயரத்துக்குச் சேரியின் குண்டு பல்பா காரணம்? சாயங்காலம் ஏழு மணிக்கு உஸ்மான் ரோட்டில் நடந்து பாருங்கள். ஏழு மாடி, எட்டு மாடிக் கடைகள் அடியிலிருந்து உச்சி வரை எரிகின்றன. கதவைத் திறந்தால் ரோடு வரைக்கும் ஏ.சி. காற்று வருகிறது. அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் நம் பிள்ளைகள் பத்து மணிக்குமேல் அறைக்குத் திரும்பித் துணி துவைக்கிறார்கள். அங்கே கடைக்காரர் கூடுதல் கட்டணத்தைச் சேலை விலையில் ஏற்றிவிடுவார். அம்மா யார் மேல் ஏற்றுவார்?

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. ஃபிளாட்காரர்கள் நேரத்தை மாற்றினால் அது யாருடைய நேரம்? "இனிமே மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின் போடணும்" என்று முடிவெடுப்பது அந்த வீட்டம்மா. மெஷினுக்குள் துணியைப் போட்டு, எடுத்து, காயவைப்பது அம்மா. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது இதைப் பார்த்தோம். லாரி வருகிற நேரத்துக்கெல்லாம் அம்மா ஓட வேண்டியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. மலிவு நேரத்தின் லாபம் ஒருவர் பில்லில் விழும், அதற்கான அலைச்சல் இன்னொருவர் காலில் விழும். ஏவுகிறவனுடைய நேரமும் ஏவப்படுகிறவளுடைய நேரமும் ஒன்றில்லை என்பதைச் சாதியச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த 14 ரூபாய்க் கணக்குகூடப் பொருந்தாது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். 'வெஜிடேரியன் ஒன்லி' என்று போர்டு தொங்கும். போர்டு இல்லாத இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி தொங்கும். இதையெல்லாம் தாண்டி ஒரு பின்கட்டு கிடைத்தால் சப்-மீட்டர். 2016 மே மாதம் அறிவித்த 100 யூனிட் இலவசம் எங்களுக்கு வந்து சேரவில்லை. நாளைக்குப் பகல் தள்ளுபடி வந்தாலும் அது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. உச்சநேரக் கூடுதல் மட்டும் "பில்லு ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்று எங்களிடம் வந்து சேரும்.

அடுத்து, எனக்கு மிகவும் பயமாக இருக்கிற விஷயம். இந்த மீட்டரில் தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்க முடியும். 2021-இல் மத்திய அரசு அறிவித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள். முதலில் காசு, பிறகு கரண்ட். காசு தீர்ந்தால் இருட்டு.

இதுவரை பணம் கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்க ஒரு மனுஷன் வர வேண்டும். தெருவில் அவரை நிறுத்தி, "அண்ணே, புள்ளைக்கு நாளைக்குப் பரிச்சைண்ணே, சம்பளம் வந்ததும் கட்டிடறோம்" என்று நாலு பெண்கள் கேட்கலாம். அவரும் பாதி நாள் நம்மைப்போலவே ஒரு கஷ்டப்பட்ட ஜனம்தான். ஒருநாள் தவணை கிடைக்கும். எங்கோ ஒரு கட்டடத்தில் பொத்தானை அழுத்துகிற இயந்திரத்திடம் யார் போய் நிற்பது?

2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் பல தலைமுறையாக இருந்த வீடுகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். நகரத்தின் நடுவிலிருந்து நம் மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் துரத்துகிற இந்தக் காலத்தில், ஒரு குடியிருப்பு முழுவதையும் ஒரே நொடியில் இருட்டாக்குகிற அதிகாரம் யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா? 1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் நொறுக்கியவற்றில் டிவியும் ஃபேனும் இருந்தன. நம் வீட்டில் ஃபேன் ஓடுவது இந்தச் சமூகத்தின் கண்ணை எப்படி உறுத்தும் என்று நமக்குத் தெரியும்.

வேலை விஷயத்தையும் பார்க்க வேண்டும். ரீடிங் எடுக்கும் கணக்கீட்டாளர் வேலை அரசு நிறுவனத்தின் வேலை, அதில் இட ஒதுக்கீடு உண்டு. 2020-இல் 1,300 கணக்கீட்டாளர் பணியிடங்களுக்கு வந்த அறிவிப்பு 2022-இல் ரத்தானது. ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தில் மீட்டரை மாட்டுவதும் பராமரிப்பதும் கணக்கெடுப்பதும் தனியார் ஒப்பந்தம். அங்கே இட ஒதுக்கீடு எங்கே? மாநிலம் முழுவதற்கும் போட்ட டெண்டரில் அதானி நிறுவனம் குறைந்த விலை கேட்டு முன்னால் நின்றது. அந்த விலையும் அதிகம் என்று 2024 டிசம்பரில் டெண்டரை மின்வாரியம் ரத்து செய்தது. டெண்டர் ரத்தாகலாம், திட்டம் ரத்தாகவில்லை.

தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கரிடம்தான் மின்சாரத் துறையும் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சக்தி பற்றிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசியபோது, மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் இந்த நாட்டுக்குத் தொழில்வளர்ச்சி இல்லை, வறுமையிலிருந்து விடுதலையும் இல்லை என்று வாதாடினார். அவர் காலத்தில்தான் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் உருவானது. வேலை நேரத்துக்கு எட்டு மணி என்ற வரம்பைக் கொண்டுவரவும் அவரே அதே பதவியிலிருந்து உழைத்தார். மின்சாரத்தையும் உழைப்பாளியின் நேரத்தையும் சேர்த்து யோசித்தவர் அவர். நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

மீட்டரை உடைக்கச் சொல்லவில்லை. கருவி நம் எதிரி இல்லை. அதை எந்த நிபந்தனையில் மாட்டுகிறார்கள் என்பதுதான் சண்டை. பகல் தள்ளுபடி தரட்டும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கிற வீடுகளுக்கு உச்சநேரக் கூடுதல் கூடாது. பிரீபெய்டு கட்டாயம் கூடாது. ஆள் நேரில் வந்து, எழுத்தில் சொல்லி, அவகாசம் கொடுக்காமல் எந்தக் குடியிருப்பையும் துண்டிக்கக் கூடாது. குடித்தனக்காரர் பேரில் தனி இணைப்பு வேண்டும். ஒப்பந்த வேலையிலும் இட ஒதுக்கீடு வேண்டும்.

இதை எங்கே போய்ச் சொல்வது? கட்டணம் மாற்றுவதற்குமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரிலும் கூட்டம் நடந்தது. 2023-இல் சிறுதொழில் முதலாளிகள் சங்கமாகத் திரண்டு தங்களுக்கான உச்சநேரக் கட்டணத்தைக் குறைக்க வைத்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கணக்கு எழுதித்தர ஆடிட்டர் இருக்கிறார். வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கு? பொறியியலும் பொருளாதாரமும் படிக்கிற மாணவத் தோழர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவரவர் குடியிருப்பில் பத்து வீட்டுக்குப் போய், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு என்ன ஓடுகிறது, யாருக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டோடு போய் நிற்போம்.

எங்கள் பின்கட்டு மூன்று குடித்தனத்தின் கணக்கை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அம்மாவின் நேரம்: பகல் பதினொரு மணி, வீட்டில் யாரும் இல்லை, ஓடுவது ஒன்றுமில்லை.