எல்லாம் ஒரே இரைச்சலா?



நம் சங்கத்தின் ஆண்டுவிழா நெருங்குந்தோறும் தவறாமல் எழுகின்ற வழக்கு ஒன்றுண்டு. கலைநிகழ்ச்சிகளின் இறுதியில் தங்கள் நடன இசைக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு இளைஞர்கள் வேண்டுவர். "எல்லாம் ஒரே டம் டம் தானே, அதற்கு ஐந்து நிமிடம் போதாதா?" என்று பெரியோர் கேட்பர். உடனே இளைஞர்கள் ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எனப் பெயர்களை அடுக்கத் தொடங்குவர். குழப்பம் பின்னும் வளருமேயன்றித் தீராது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. ஆயினும், நம் கச்சேரியைக் கேட்ட அயலார் ஒருவர் "எல்லாம் ஒரே இழுப்பாக இருக்கிறதே" என்று சொல்லும்போது நம் முகம் எவ்வாறு வாடுகின்றது என்பதை மும்பையில் வாழும் நாம் நன்கறிவோம். கல்யாணிக்கும் காம்போதிக்கும் வேறுபாடு அறியாதவரின் தீர்ப்பை நாம் ஏற்பதில்லையன்றோ? ஆதலின் மின்னணு நடன இசையின் வகைகளைப் பிரித்தறியும் வழியை இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

முதலில் வேகத்தை எண்ணுதல் வேண்டும். ரயில்வே ஊழியர்க்கு இது புதிதன்று. 13 மீட்டர் நீளத் தண்டவாளங்கள் இணைக்கப்பட்ட பாதையில், 47 விநாடிகளில் எத்தனை 'தடக்' ஒலி கேட்கின்றதோ, ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் மணிக்கு வண்டி ஓடுகின்றது எனலாம். (இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விடுவதால் அவ்வின்பம் பெரும்பாலும் போயிற்று.) இசைக்கு 15 விநாடிகள் போதும். அடித்து விழும் முரசொலியை எண்ணி நான்கால் பெருக்குக. 120 முதல் 130 வரை வந்தால் பெரும்பாலும் ஹவுஸ். 130ஐத் தாண்டினால் டெக்னோவோ டிரான்ஸோ ஆகலாம். 170ஐ ஒட்டி வந்தால் டிரம் அண்ட் பேஸ்.

எண் மட்டும் போதாது. அடி எங்கே விழுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஹவுஸில் நான்கு அடிகளிலும் முரசு ஒன்றுபோல் விழும். இரண்டிலும் நான்கிலும் கைதட்டொலி சேரும். அடிகளுக்கு நடுவே ஜாலராவை ஒத்த தட்டொலி தெறிக்கும். ஒவ்வோர் அடியும் நான்காகப் பகுக்கப்பட்டுப் பதினாறு கூறுகளாகும். நம்மவர் சதுசிர நடை என்பதைத்தான் தாளப்பொறிகளின் பதினாறு பொத்தான்கள் காட்டுகின்றன. அதன்மேல் தேவாலயப் பாடலின் சாயலுடைய மனிதக் குரலும், பியானோவும் இழைந்து வரும். குரலின் வெப்பமே ஹவுஸின் அடையாளம்.

இவ்விசை பிறந்த கதையை அறிந்தோர் இதனை எளிதில் இரைச்சல் என்று கூறார். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1979 ஜூலை 12 அன்று, இரண்டு பேஸ்பால் ஆட்டங்களின் இடைவேளையில், டிஸ்கோ இசைத்தட்டுகளை மைதானத்தின் நடுவே குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடைபெறவே இல்லை. அவ்வெறுப்பு இசையின்மீது மட்டும் எழுந்ததன்று என்று பலர் கருதுகின்றனர். டிஸ்கோவை வளர்த்தவர்களுள் கறுப்பினத்தாரும், லத்தீன் வழியினரும், தன்பாற் காதலரும் மிகுதி. அதே நகரில் 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக்கூடத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்பார், அம்மக்களுக்காகவே இசைத்தட்டுகளை இணைத்து ஒலிபரப்பி வந்தார். வேர்ஹவுஸ் என்றால் சரக்குக் கிடங்கு. அதன் முதற்குறையே 'ஹவுஸ்' என்னும் பெயர். வேறெங்கும் வரவேற்பில்லாதவர்க்கு ஒரு கிடங்கு வீடாயிற்று. பிழைப்புத் தேடி வந்து, தாதரில் இறங்கிய நாளில் தலைசாய்க்க இடம் தேடிய குடும்பத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2004இல் அவ்வூரார் அத்தெருவின் ஒரு பகுதிக்கு நக்கிள்ஸின் பெயரையே சூட்டினர். அவர் 2014இல் மறைந்தார்.

டெக்னோ, மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகரின் பிள்ளை. ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞர் மூவர் இதனை உருவாக்கினர். இதிலும் முரசு நான்கு அடியிலும் விழும். ஆனால் குரல் அருகியே வரும். பொறியின் ஓசை தன்னைப் பொறியென்றே காட்டிக்கொள்ளும். இவர்கள் விரும்பிக் கேட்டவற்றுள் ஜெர்மனியின் கிராப்ட்வெர்க் குழுவினரின் இசையும் ஒன்று. அக்குழுவினர் 1977இல் ஐரோப்பிய விரைவு வண்டியொன்றைப் பொருளாகக்கொண்டு முழு இசைத்தட்டே வெளியிட்டனர் என்பதை ரயில்வே அன்பர்கள் சற்றுப் பெருமிதத்தோடு குறித்துக்கொள்ளலாம்.

டிரான்ஸைக் கண்டறிதல் எளிது. நடுவே முரசு முற்றும் நின்றுவிடும். இன்னிசை மட்டும் மிதந்து மெல்ல மெல்ல உயரும். எல்லோரும் கையை உயர்த்திக் காத்திருக்கையில் முரசு மீண்டும் இறங்கும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வளர்ந்த இதற்குக் கோவாக் கடற்கரையிலும் ஒரு கிளை உண்டு. நம் செவிக்கு இது சற்றுச் சலிப்பூட்டுவதே; இளைஞர்கள் பொறுத்தருள்க.

டிரம் அண்ட் பேஸ், 1990களில் இங்கிலாந்தில் எழுந்தது. இதில் நான்கு அடி ஒழுங்கு இல்லை. முரசு சிதறித் தாவும். அச்சிதறலின் வேரில் ஒரு துயரக் கதை இருக்கின்றது. 1969இல் வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவினர் வெளியிட்ட ஒரு பாடலின் நடுவே, கிரெகரி கோல்மன் என்பார் ஏறக்குறைய ஆறு விநாடிகள் தனியாக டிரம் வாசித்தார். அவ்வாறு விநாடிகளை வெட்டியும், விரைவுபடுத்தியும் ஆயிரக்கணக்கான பாடல்கள் பின்னாளில் எழுந்தன. வாசித்த கோல்மனுக்கோ அதனால் ஒரு காசும் கிட்டவில்லை. 2006இல் அவர் காலமானார். 2015இல் இரசிகர்கள் நன்கொடை திரட்டி அக்குழுவின் தலைவருக்கு 24,000 பவுண்டு அளித்தனர். பக்கவாத்தியக்காரரின் பெயரை மறந்துவிடுதல் நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்.

டப்ஸ்டெப்பில் எண்ணிக்கை ஏமாற்றும். கணக்கு 140 என்று வரும். ஆனால் ஓங்கிய அடி மூன்றாவதில் மட்டும் விழுவதால், உடல் 70 என்றே அசையும். விரைவுக்குள்ளேயே சவுக்க காலம் ஒளிந்திருக்கின்றது எனலாம். தெற்கு லண்டனில் 'கராஜ்' என்னும் வகையினின்று இது பிரிந்தது.

கராஜ் என்றவுடன் ஓர் எச்சரிக்கை. நியூயார்க்கின் கராஜ் வேறு. லண்டனின் கராஜ் வேறு. முன்னது 'பாரடைஸ் கராஜ்' என்னும் நடனக்கூடத்தின் பெயரால் வழங்குவது. ஹவுஸுக்கு நெருங்கிய உறவு. பின்னது தாளம் தடுக்கித் தடுக்கி நடப்பது. பெயரொற்றுமை கண்டு மயங்குதல் ஆகாது. இந்துஸ்தானியின் தோடி நம் தோடியன்று, நம் சுபபந்துவராளிக்கே நெருங்கியது என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பாகாது.

இதனை எழுதும்போது நம் மும்பையைச் சேர்ந்த ஒருவர் நினைவுக்கு வருகின்றார். இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட ஜப்பானியப் பொறிகளுள் 303 என்னும் எண்ணுடையதும் ஒன்று. ஐந்தாண்டு கழித்து, 1987இல், அதே பொறியின் முறுக்கிய ஓசையால் சிக்காகோ இளைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் புதுவகை கண்டு புகழ்பெற்றனர். சிங்கின் தட்டோ விலைபோகாமல் கிடந்து, 2010இல் மறுபதிப்பாகி உலகெங்கும் பேசப்பட்டது. அவர் 2015இல் மறைந்தார். அவரே ஆசிட் ஹவுஸின் தந்தை என்பார் உளர். அங்ஙனம் கூறுதல் மிகை என்றே நாம் கருதுகின்றோம். சிக்காகோவினர் அத்தட்டைக் கேட்டுக் கற்றனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரே பொறி இரண்டு ஊர்களில் இரண்டு கைகளில் அகப்பட்டது. ஓர் ஊரில் அதற்கு ஆட ஒரு கூட்டம் இருந்தது, மற்றதில் இல்லை.

அத்தட்டில் பூபாலி, யமன், மால்கௌன்ஸ் ஆகியவையும் உள. நம் மோகனம், கல்யாணி, இந்தோளம் என்று செவி உடனே இனங்கண்டுகொள்ளும். வீட்டுப் பிள்ளைகளிடம் கூறினால் அவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே தேடித் தருவர். இராகத்தைப் பெரியோர் கூறுக. 15 விநாடிகளின் அடிகளைப் பிள்ளைகள் எண்ணுக. விடைகளை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சங்க முகவரிக்கு எழுதியனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுவோம்.