இரண்டும் பெட்டைதானே, பிறகு எதற்கு அறுவை?

இரண்டு பெட்டை முயல்களை வளர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் எழும். கிடா இல்லாத இடத்தில் குட்டிக்கு வழியில்லை. கருத்தடை அறுவை வீண்செலவு என்றே தோன்றும். ஆனால் இங்கே அறுவையின் வேலை வேறு.

வளர்ப்பு முயல்கள் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்தக் காட்டு முயல்கள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டி ஈனத் தோதான வளைக்காகப் பெட்டைகள் தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொள்ளும். அந்த இயல்பு கூண்டிலும் மாறுவதில்லை. ஒரே ஈற்றில் பிறந்து ஒட்டி உறங்கியவைகூட 4 முதல் 6 மாதத்தில் பருவம் எய்தியதும் கடித்துக் குதறிக்கொள்வது இதனால்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாலேயே பொய்ச்சினை உண்டாகலாம். அப்போது முயல் தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். அருகில் வருவதைத் தாக்கும்.

கருப்பையும் சினைப்பையும் அகற்றப்பட்டால் இந்தத் தூண்டுதல் அடங்கும். கருப்பைப் புற்றுநோய்க்கும் இடமில்லாமல் போகும். வயதான பெட்டைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய் அது.

முயல்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரையே தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது; அதன் குடலும் ஓய்வின்றி இயங்க வேண்டும். எனவே நாய், பூனைக்குப் போல அறுவைக்கு முன் பட்டினி போடக் கூடாது. அறுவைக்குப் பிறகு வலி மருந்து அவசியம். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அறுவை சண்டைக்கான காரணத்தைத்தான் நீக்குகிறது. நட்பை நாம்தான் வளர்க்க வேண்டும். ஹார்மோன்கள் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகள், மூக்கைக் கடிக்க முடியாத இடைவெளி. கழிவுத் தட்டுகளை அவ்வப்போது மாற்றி வைத்தால் ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகும்.

பிறகு, இரண்டுமே கால் வைத்திராத ஓர் இடத்தில் வழுக்காத விரிப்பைப் போட்டுச் சில நிமிடங்கள் மட்டும் சந்திக்க விடுங்கள். மேலே ஏறுவதும் சற்றே துரத்துவதும் யார் பெரியவள் என்று தீர்த்துக்கொள்ளும் வழி, பதற வேண்டாம். காதுகள் பின்னால் படிய, வால் நிமிர, ஒன்றையொன்று வேகமாகச் சுற்றத் தொடங்கினால் உடனே பிரியுங்கள். வெறுங்கையை நுழைக்காதீர்கள்; கனத்த துண்டு போதும். ஒன்று மற்றதன் தலையை நக்குவதும், இரண்டும் பக்கத்தில் படுத்து அயர்வதும் நல்ல அறிகுறிகள். அவை நிலைத்த பிறகே ஒரே கூண்டு.

இதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். சில ஜோடிகள் கடைசிவரை ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஆகவே இரண்டு முயல் வாங்க நினைப்பவர், இரண்டு அறுவைக்கான பணத்தையும் இரண்டு கூண்டுக்கான இடத்தையும் கணக்கில் சேர்த்த பிறகு கடைக்குப் போவது நல்லது.